கம்பளிக் கோட்டு

"மே மாச வெயில்ல கம்பளிக் கோட்டா? அவிஞ்சுடப் போறீங்க, லெஷெக்!"

"எனக்குக் குளிருது" என்றான் லெஷெக், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

வார்சா அரண்மனை அருங்காட்சியகத்தில், வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டி வைக்கும் ஹலினா சிரித்தாள். "நல்ல வேளை, இன்னிக்கு வந்தீங்க. நாளைக்கு இந்த அறையைப் பூட்டிடுவாங்க. இனி பனி விழுந்தாத்தான் திறப்பாங்க."

லெஷெக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் தந்த டோக்கனை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே நின்றான்.

"இந்தக் குளிர்காலத்துல மட்டும் முப்பது தடவை வந்துட்டீங்க. மாடியில அந்த ராஜா படத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"தெரியாது. நான் மாடி ஏறினதே இல்லை. படிக்கட்டுல அரை மணி நேரம் உட்கார்ந்துட்டு, கோட்டை வாங்க உங்ககிட்டத் திரும்பி வருவேன்."

ஹலினாவின் கை கோட்டின் மேலேயே நின்றது. லெஷெக் கேட்டே விட்டான்:

"இன்னிக்கு வேலை முடிஞ்சதும் ஆத்தங்கரை வரைக்கும் என்கூட நடந்து வர்றீங்களா?"