மருந்துக்குக் காவல்

குருவம்மாளின் மகளை வெறிநாய் கடித்திருந்தது. அவளுக்கான ஊசி மருந்து, சின்னக்கானல் தோட்ட ஆஸ்பத்திரிக்குத் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. கம்பவுண்டர் வெங்கடேஸ்வரன் அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார், குருவம்மா. நானும் அவரோட வந்துடறேன். அதுவரைக்கும் இது சில்லுனு இருக்கணும். சூடு பட்டா வெறும் தண்ணிதான்.”

“நான் காவல் இருக்கேன், ஐயா.”

மூன்று நாளும் குருவம்மாள் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகவில்லை. வெயில் விழுந்த ஜன்னலுக்குத் தன் மாற்றுச் சேலையைக் கட்டினாள். கஞ்சி கொண்டுவந்த புருஷனைக்கூட உள்ளே விடவில்லை.

“கஞ்சி ஆவி பறக்குது. அங்கனயே நில்லும்.”

வியாழக்கிழமை டாக்டரோடு வந்து பெட்டியைத் திறந்த கம்பவுண்டர், மருந்துக் குப்பியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சட்டென்று குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தார்.

“இந்த மண்ணெண்ணெய் விளக்கை யார் அணைச்சது?”

“நான்தான், ஐயா. நீங்க போன கையோட ஊதிட்டேன். மருந்துக்கு அடியிலயே தீ எரிஞ்சா சூடாகிராதா?”

“இது மண்ணெண்ணெய்ல ஓடற பெட்டி. அந்தத் தீயாலதான் பெட்டியே குளிர்றது, குருவம்மா. இனி வேற மருந்து வரப் பத்து நாளாகும். கொழந்தைக்கு அதுவரைக்கும்...”

டாக்டர் ஊசியைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

குருவம்மாள் ஓடிப்போய்த் தீப்பெட்டி எடுத்து வந்தாள்.

“இப்பப் பத்த வச்சிரட்டுமா, ஐயா?”