பின் ஸ்பீக்கர்

"இந்தக் காப்பியும் சரியில்லம்மா," என்று தம்ப்டிரைவையும் பழைய டிஸ்க்கையும் மேசைமேல் வைத்தார் தங்கராஜு.

ஷமீமாவுக்குச் சலிப்பாக இருந்தது. சிராங்கூன் ரோட்டில் பழைய வீடியோ டிஸ்க்குகளைக் காப்பி எடுத்துத் தரும் கடை அவளுடையது. ஒரே டிஸ்க்குக்காக யாரும் இப்படித் திரும்பத் திரும்ப வந்ததில்லை.

"படம் ஓடலையா அங்கிள்?"

"ஓடுது."

"சத்தம்?"

"கேட்குது. ஆனா எல்லாமே முன்னாடியிருந்து கேட்குது. வீட்ல டிவியைச் சுத்தி அஞ்சு ஸ்பீக்கர் இருக்கு. டிஸ்க்கைப் போட்டா பின்னாடி இருக்குற ஸ்பீக்கர்லயும் வரும். உங்க காப்பியில வரல."

ஷமீமா கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள்.

கிளமெண்டியில் ஏதோ ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே, சின்னப் பெண் ஒருத்தி தள்ளாடித் தள்ளாடி சைக்கிள் ஓட்டுகிறாள். படம் எடுப்பவர் பின்னாலேயே ஓடுகிறார் போல, காட்சி குலுங்குகிறது. 'பயப்படாம மிதிம்மா, அப்பா பின்னாடிதான் வர்றேன்' என்று ஓர் ஆண் குரல்.

அவ்வளவுதான். இதில் என்ன குறை?

"குரல் நல்லாத்தானே கேட்குது. முன்னாடி கேட்டா என்ன, பின்னாடி கேட்டா என்ன லா?"

"பின்னாடிதான் கேட்கணும்மா. என் பொண்ணு ரக்ஷனா அப்படியே கேட்டுப் பழகிட்டா. இப்பக்கூட சோபாவுல உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டு கேட்பா. டிஸ்க்ல கீறல் விழுந்து நின்னு நின்னு ஓடுது. அதான் பயமா இருக்கு."

ஷமீமாவுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. அப்பா வீட்டிலேயே இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு அப்பா குரலை எதற்குக் கேட்க வேண்டும்? மனுஷருக்குத் தன் குரல்மேல் ஆசை, பழியை மகள்மேல் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் விடவில்லை. காப்பி எடுக்கும்போது மென்பொருளே எல்லா ஒலியையும் இரண்டு ஸ்பீக்கருக்குள் அடக்கிவிடுவதைக் கண்டுபிடித்தாள். ஒலியைத் தொடாமல் அப்படியே எடுக்கும்படி மாற்றி, டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். பாதியில் நின்றது. மறுபடி போட்டதும் ஒருவழியாக முடிந்தது.

உள் அறையில் கடையிலிருந்த ஐந்து ஸ்பீக்கர்களைச் சுற்றிலும் வைத்து, நடுவில் நாற்காலி போட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

சைக்கிள் சத்தம் முன்னால் கேட்டது. பிள்ளைகள் கத்துவது இரண்டு பக்கமும் கேட்டது.

'பயப்படாம மிதிம்மா, அப்பா பின்னாடிதான் வர்றேன்.'

தங்கராஜு சட்டென்று திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷமீமாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன அங்கிள், உங்க குரலைக் கேட்டு நீங்களே அழுறீங்க?"

"என் குரல் இல்லம்மா," என்றார் அவர். "ரக்ஷனாவைப் பெத்தவரோட குரல். எந்த வீடியோவுலயும் அவர் முகம் கிடையாது, கேமரா எப்பவும் அவர் கையிலதான் இருந்திருக்கு. அவர் இறந்துபோய் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் நான் அவ அம்மாவைக் கட்டிக்கிட்டேன்."