வாட்டம் சரியில்லை

"வாட்டம்னா இன்னான்னு தெரியுமாய்யா ஒனக்கு? தண்ணி ஓடுறதுக்குச் சரிவு! இங்க ஓடுதா? தெப்பமே விடலாம் போலிருக்கு!"

மொட்டை மாடியில் கணுக்கால் அளவு தேங்கிய மழைத் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கர்ஜித்தார் பஞ்சநாதம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மேடையிலிருந்து பெறாதவர். சிதம்பரத்தில் எந்த விழாவுக்கு மைக் கட்டினாலும் அதன் பின்னால் அவர் நிற்பார்.

மாடிப்படி அருகே கையில் சரிவு பார்க்கும் ரசமட்டத்துடன் நின்றிருந்தார் கொத்தனார் ஜோசப்ராஜ். இந்த மாடிக்குத் தை மாதம் ஓடு பதித்தவர். திட்டு வாங்குவதற்காகவே கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரவழைக்கப்பட்டிருந்தார்.

"நான் வெச்ச வாட்டம் தப்பாது சார். மொதல்ல அந்த மூலையில தண்ணி எறங்குற குழாயப் பாக்க வுடுங்க."

"குழாயப் பத்தி எனக்கே பாடமா? 'நீரும் நாமும்'னு ரெண்டு மணி நேரம் பேசினவன்யா நான்!"

"ஏங்க, ஒரு நிமிஷம்..." என்றார் மனைவி லலிதாம்பிகை.

"நீ சும்மா இரு! கீழ ஹால்ல என் ஷீல்டு அலமாரி மேலயே சொட்டுது. 'சிந்தனைச் சுடர்' பட்டயத்துல சிந்தனை அழிஞ்சே போச்சு!"

"அது வந்துங்க..."

"பேசாதேன்னா பேசாதே!"

செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நாலு பேர் காதில் விழாவிட்டால் அவருக்குப் பேசியதாகவே இருக்காது.

"ஃபாதர், பஞ்சநாதம் பேசறேன். நாளைக்குக் கடலூர்ல ஒங்க சர்ச் பங்குச் சமுதாயக் கூடத்து மாடியில கை வைக்கப் போறானே ஜோசப்ராஜ், அவன் எனக்குப் போட்டுக் குடுத்தது மாடி இல்ல, குளம்! உடனே ஆள மாத்துங்க!"

"அய்யோ, அப்படியா சார்?" என்றது ஃபாதர் லூர்து பிரகாஷின் குரல். "திறப்பு விழாவுக்குத் தலைமையே நீங்கதான். ஒங்களுக்குப் பொன்னாடைகூட வாங்கி வெச்சாச்சு. நீங்க சொன்னா வேற ஆளப் பாத்துடறேன்."

ஜோசப்ராஜ் ஓரடி முன்னால் வந்தார்.

"இருபத்தெட்டு வருசமா கரணை புடிக்கிறேன் சார். சொந்தப் பங்குலயே என் பேரக் கெடுத்துட்டீங்களே!"

ரசமட்டத்தைப் படியில் வைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாசித் தண்ணீரில் விறுவிறுவென்று நடந்து மூலைக்குப் போனார். குனிந்து, கையை முழங்கை வரை குழாய்க்குள் விட்டு ஓர் இழுப்பு.

களக்!

மாடி முழுக்க நின்றிருந்த தண்ணீர் ஒரு சொட்டு வழி தவறாமல் அந்த மூலையை நோக்கி ஓடியது. ஜோசப்ராஜின் கையில் பச்சைப் பாசி பிடித்த துணிச் சுருள் ஒன்று. ஓரத்தில் சரிகை மட்டும் இன்னும் மின்னியது.

பஞ்சநாதம் போனை வாயருகே கொண்டுபோனார்.

"கேட்டீங்களா ஃபாதர்? எவனோ துணியச் சுருட்டி அடைச்சிருக்கான்! சதி! என் வளர்ச்சி புடிக்காதவன் பண்ண வேலை! இத நான் சும்மா வுட மாட்டேன், போலீஸுக்குப் போறேன்!"

லலிதாம்பிகை போனுக்கு அருகில் வந்தார்.

"அடைச்சது இவருதான் ஃபாதர். கத்திரி வெயில்ல, 'மாடியில தண்ணி கட்டுங்க, ஏ.சி. எதுக்கு?'ன்னு மேடையில பேசினாரு. அங்க போத்தின பொன்னாடையாலயே அன்னைக்குச் சாயங்காலம் ஓட்டைய அடைச்சாரு, எடுக்க மறந்துட்டாரு. வேலைய ஜோசப்ராஜுக்கே குடுங்க. நீங்க வாங்கி வெச்ச பொன்னாடையையும் அவருக்கே போத்திடுங்க; எங்க மாடியில இருக்கறது ஒரே ஓட்டைதான்."