தனித்தனி பில்

"ஏழு பேர், எண்பத்துநாலு ரூபா. ஆளுக்குப் பன்னெண்டு எடுங்க" என்றார் ராயப்பன்.

பூந்தமல்லி ஹோட்டலில் காலை டிபன் முடிந்திருந்தது. பட்டாபிராமிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைபயணம் கிளம்பி அன்றுதான் முதல் நாள். குழுவுக்கு ராயப்பன்தான் தலைவர். "யார் என்ன சாப்பிட்டாலும் செலவு சமபங்கு. மாதா பிள்ளைங்களுக்குள்ள என்ன வித்தியாசம்?" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார்.

ரெண்டே ரெண்டு இட்லி சாப்பிட்ட செலின், இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் தொட்டுப் பார்த்தாள்.

நூற்றுப்பத்து ரூபாயோடு கிளம்பியவள். திரும்பி வர பஸ்ஸுக்கு ஐம்பதை ஒதுக்கிவிட்டால் மீதி அறுபது. ராத்திரிச் சாப்பாடு வழியிலுள்ள கோயில்களில் கிடைத்துவிடும். பத்து நாள் பகலுக்கு இந்த அறுபதுதான்.

ஆவடியில் அவள் குடித்தது டீ மட்டும். மற்றவர்களின் பன், பிஸ்கட்டோடு சேர்த்து மூன்று ரூபாய் பங்கு. பருத்திப்பட்டில் "எனக்கு இளநீர் ஒத்துக்காது" என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கும் நாலு ரூபாய் போனது.

கணவன் வேலை பார்த்த அம்பத்தூர் பட்டறையைப் பூட்டி ஐந்து மாதம் ஆகிறது. ஆனாலும் மகள் டைபாய்டில் நினைவில்லாமல் கிடந்தபோது நேர்ந்துகொண்ட நடை. பிழைத்து எழுந்த பிள்ளையைப் பார்க்கும்போது தள்ளிப்போட மனசு வரவில்லை.

'இந்தப் பன்னெண்டையும் குடுத்துட்டு, உடம்புக்கு முடியலைன்னு வீட்டுக்கு பஸ் ஏறிட வேண்டியதுதான். மாதாவுக்குத் தெரியாதா என் நிலைமை?'

"அண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் பக்கத்திலிருந்து பட்டென்று ஒரு குரல்.

"நான் பன்னெண்டு தர மாட்டேன்."

ஞானகுமாரி டீச்சர். முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கணவர் பேங்கில் இருக்கிறார்.

"நான் சாப்பிட்டது ஒரு தோசை, ஒரு காபி. ஆறு ரூபா. அடுத்தவங்க தின்னதுக்கு நான் எதுக்கு அழணும்?"

ரெண்டு செட் பூரியும் ஒரு ஸ்பெஷல் தோசையும் சாப்பிட்டிருந்த சத்தியராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா டீச்சர், மாதா கோயிலுக்கு நடந்துகினு கீறோம். இதுல போய் கணக்குப் பாத்துகினு..."

"எங்க வீட்டுல எல்லாத்துக்கும் கணக்குதான். இனிமே அவங்கவங்களுக்குத் தனித்தனி பில். இஷ்டம் இல்லேன்னா சொல்லுங்க, நான் தனியா நடந்துக்கிறேன்."

ஹோட்டலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராயப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, சர்வரைக் கூப்பிட்டுத் தனித்தனியாக எழுதச் சொன்னார்.

செலினுக்கு வந்தது இரண்டு ரூபாய். கொடுத்துவிட்டு வெளியே வந்தவள், நடைபாதையில் நின்று நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். இன்னும் நடக்கலாம்.

மாங்காடு ரோட்டில் டீச்சரோடு யாரும் பேசவில்லை. கையில் ஜெபமாலையோடு அவள் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"சொந்த ஃப்ளாட்டு, ரெண்டு சம்பளம். ஆறு ரூபாய்க்கு அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டாளே!" என்றாள் செலினோடு நடந்து வந்த ஹில்டா. "நீயே சொல்லு செலின், நல்லாவா இருக்கு?"

"ஆமாக்கா. அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

சொல்லிவிட்டாளே தவிர, செலினுக்கு உள்ளே உறுத்தியது.

மாங்காடு தாண்டி ரொம்ப தூரம் போனபிறகு, ஒரு மரநிழலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். வழியில் அவரவர் வாங்கிய பொட்டலத்தை அவரவர் பிரித்தார்கள். செலினுடையது மூன்று ரூபாய் தயிர்சாதம். யாருக்கும் பயப்படாமல் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஹில்டா வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயை ஒவ்வொருவருக்கும் வைத்துக்கொண்டு வந்தாள். தள்ளி உட்கார்ந்திருந்த டீச்சர் பக்கம் மட்டும் போகவில்லை.

செலின் எழுந்தாள். தன் பங்கு ஊறுகாயை இலைத்துண்டோடு எடுத்துப்போய் டீச்சர் முன்னால் வைத்தாள்.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்க. அவங்க உங்களைப் பேசினப்போ நானும் கூட ஆமா போட்டுட்டேன். ஆனா நீங்க சண்டை போட்டதாலதான் நான் இங்க இருக்கேன். இல்லேன்னா பூந்தமல்லியிலேயே திரும்பியிருப்பேன்."

"தெரியும்" என்றாள் டீச்சர், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே.

"தெரியுமா?"

"ஆவடியில வெறும் டீயைக் குடிச்சிட்டு மூணு ரூபா எடுத்துக் குடுத்தியே, அப்பவே கவனிச்சேன். இளநீருக்குக் குடுக்கும்போது பர்ஸுல மிச்சத்தை எண்ணிப் பார்த்தே."

செலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்போ... எனக்காகவா அத்தனை பேர்கிட்ட கெட்ட பேர் வாங்கினீங்க?" என்றாள்.

"வேற என்ன செய்யறது? நான் பணம் குடுத்தா வாங்கியிருப்பியா?"

செலின் 'இல்லை' என்று தலையாட்டினாள்.

"உன் கஷ்டத்தை ராயப்பன்கிட்ட சொன்னா, பத்து நாளும் எல்லாரும் உன்னைப் பாவமா பார்ப்பாங்க. நீ கூனிக்குறுகி நடக்கணும். என்னைக் கஞ்சம்னு சொன்னா எனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

செலினின் கண்கள் நிறைந்துவிட்டன. சட்டென்று எழுந்தாள். "நான் போய் அவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் டீச்சர்."

டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள்.

"காரியத்தைக் கெடுத்துடாதே. ஹில்டா என்னைத் திட்டும்போதெல்லாம் நீயும் கூடச் சேர்ந்து நல்லாத் திட்டிக்கிட்டே வா. நிறுத்தினா சந்தேகம் வந்துடும்!"