நிழலை விட்டு நகராத வேன்

"ஃபேன் பகல் முழுக்க ஓடணும்மா. ஆனா வண்டி ஓடாது."

தஞ்சாவூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஷோபனாவுக்குப் புரியவில்லை. எதிரே நின்றவர் சிங்காரவேலு, ஒரத்தநாட்டுப் பக்கம் நிலம் நீச்சோடு இருப்பவர். வாசலில் அவர் வாங்கிய பழைய வேன். உள்ளே படுக்கை, ஃபேன், ஜன்னலுக்குத் திரை எல்லாம் உண்டு.

"டூர் வண்டிதானே சார்? ஓடுறப்ப என்ஜின்லேர்ந்தே பேட்டரிக்கு சார்ஜ் ஏறும். அதுக்கு ஒரு சாதா சார்ஜரே போதும்."

"டூரெல்லாம் இல்லம்மா. நடவு முடியிறவரைக்கும் வயல்ல நிக்கும்."

ஷோபனாவுக்குச் சுருக்கென்றது. அவளுடைய அம்மா நடவுக்குப் போய்த்தான் அவளைப் படிக்க வைத்தாள். பெண்கள் சேற்றில் முதுகொடிய நட வேண்டும், இவர் ஃபேனுக்கு அடியில் படுத்து வேடிக்கை பார்க்க வேண்டும். சினிமாக்காரர்களுக்குத்தான் கேரவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

இருந்தாலும் வியாபாரம்.

"அப்போ இந்த சார்ஜரை எடுத்துக்குங்க. கூரையில சோலார் பேனல் மாட்டிடலாம். நின்னா வெயில்லேர்ந்து ஏறும், ஓடுனா என்ஜின்லேர்ந்து ஏறும். ரெண்டுக்கும் இந்த ஒரே பெட்டிதான்."

"மூட்டமா இருந்தா?"

"கொஞ்ச நேரம் என்ஜினைப் போட்டு விடுங்க."

"என்ஜினா..." என்று தலையைச் சொறிந்தார். சாவியைத் திருகக்கூடச் சோம்பலா என்று நினைத்துக்கொண்டாள் ஷோபனா.

அடுத்த வாரமே போன் வந்தது.

"ஃபேன் சுத்த மாட்டேங்குதும்மா."

"வண்டி எங்க நிக்குது?"

"புங்கமரத்தடியில."

"பேனல்ல வெயில் படணும் சார். வெளியில நிறுத்துங்க."

"அது முடியாது."

"அப்போ என்ஜினைப் போடுங்க."

"அது அதைவிட முடியாது."

ஷோபனாவுக்குப் பொறுமை போய்விட்டது. "வெயில்லயும் நிறுத்த மாட்டீங்க, என்ஜினும் போட மாட்டீங்க. சார்ஜர் எதைத் தின்னு உயிர் வாழும் சார்?"

"கோவிச்சுக்காதம்மா. ஒரு நடை வந்து பாரேன், புண்ணியமாப் போவும்."

ஸ்கூட்டரை எடுத்தாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் திரும்புவதில்லை என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடியே போனாள்.

வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகில் வெயில் காய்ந்தது. வேன் மட்டும் மரத்தடியில் சொகுசாக நின்றது.

"சார்!" என்று வேண்டுமென்றே உரக்கக் கூப்பிட்டாள்.

கதவை மெல்லத் திறந்துகொண்டு பதறி இறங்கினார் சிங்காரவேலு. சட்டை இல்லை, தோளில் ஈரத்துண்டு. "கத்தாதம்மா!"

"ஏன், தூக்கம் கலைஞ்சிடுமோ?"

"ஆமாம்மா" என்றார், கூச்சமே இல்லாமல்.

அவரைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

படுக்கையைக் காணோம். கூரையோடு ஓடிய கம்பியில் அஞ்சு சேலைகள் தூளியாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. மேலே ஃபேன் சுற்றலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. இருக்கையில் ஒரு பனையோலை விசிறி கிடந்தது.

"நடவு ஆளுங்க பிள்ளைங்கம்மா. மரத்துல தூளி கட்டுனா எறும்பு ஏறிடுது. போன வருஷம் ஒரு பிள்ளைக்குக் காதெல்லாம் வீங்கிப்போச்சு, பாக்கச் சகிக்கல."

ஷோபனாவும் வரப்பில் கிடந்து வளர்ந்தவள்தான். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோக, கண் கலங்கியது.

"கடையிலயே சொல்லியிருக்கலாமே சார்?" குரல் தானாக இறங்கிவிட்டது.

"ஊர்ல ஏற்கெனவே ஆயா வேலை பாக்குறேன்னு சிரிக்கிறாங்க. நீயும் சிரிப்பேன்னுதான்."

அவள் சிரிக்கவில்லை. "வண்டி நிழல்லயே நிக்கட்டும் சார். பேனலைக் கழட்டி வரப்புல, வெயில்ல வச்சிடுறேன். நீளமா ஒயர் இழுத்தாப் போதும். இப்போதைக்குப் பத்து நிமிஷம் என்ஜினைப் போடலாமா?"

சிங்காரவேலு பயந்துபோய் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"ஐயோ, வேணாம்மா! அந்தச் சத்தத்துல ஒண்ணு முழிச்சா அஞ்சும் முழிச்சிக்குது. எனக்கு இருக்கிறது ரெண்டு கைதானே!"