துக்கம் கேட்க வந்தவர்

"நில்லுங்க பெரியப்பா. இங்கேயே கேட்டுட்டு உள்ள போங்க."

காசிக்குப் போயிருந்ததால் சாவுக்கு வர முடியாமல், இப்போது தொட்டியத்திலிருந்து துக்கம் கேட்க வந்த பிச்சமுத்துவை, அந்த ஸ்ரீரங்கத்து வீட்டு கேட்டிலேயே மறித்தான் இளவரசன். செத்துப்போன வீரமலையின் தம்பி. நாற்பதை நெருங்குகிறவன்.

"அண்ணனுக்குக் காலையில நெஞ்சு வலிச்சுது. வாய்வுன்னு ஓமத்தண்ணி குடிச்சாரு. பொன்மலைக்கு வேலைக்குக் கெளம்பும்போது விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரி போற வழியில உயிர் போயிடுச்சு. அவ்வளவுதான். அண்ணிகிட்ட எதுவும் கேக்காதீங்க."

குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அடுத்து ஆட்டோவில் வந்து இறங்கியவர்களிடமும் அதையே ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பித்தான். அழுதுகொண்டே வந்தவர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள்.

பிச்சமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது.

"என்னடா இது? சாவு வீட்டுக்கு வந்தவங்களை வாசல்ல நிக்க வச்சுப் பாடம் ஒப்பிக்கிறே?"

"எல்லாரும் இதைத்தானே கேக்கறீங்க. சொல்லிட்டேன்."

எதிர்வீட்டு வெள்ளையம்மாள் தணிந்த குரலில் சொன்னாள். "விடுங்கய்யா. ஆட்டிசமாம். போன வருஷம்தான் டாக்டர் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. அடுத்தவங்க மனசு இவருக்குப் புரியாதாம்."

"டாக்டர் அப்படிப் பேர் வச்சுட்டாரா? நாங்க திமிருன்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தோம்!"

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்த வீரமலையின் மனைவி ரஞ்சனியின் எதிரில் அமர்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு முறைப்படி அழுதார். அழுது முடித்ததும் முறைப்படி கேட்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

ரஞ்சனி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஓமத்தண்ணி குடுத்தியாமே? அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பொழைச்சிருப்பானேம்மா!"

இளவரசன் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றான். "கேக்காதீங்கன்னு சொன்னேன்ல!" என்று கத்தினான். பிச்சமுத்து அவனை ஒதுக்கப் பார்த்தார். ஆனால் அவன் நகரவில்லை.

"இவனை ரூம்ல போட்டுப் பூட்டுங்கப்பா! பாவம், இந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்?" என்றார் பிச்சமுத்து.

ரஞ்சனி விருட்டென்று எழுந்தாள்.

"தம்பி இங்கதான் நிப்பாரு மாமா. வந்தவங்க அத்தனை பேரும் கேட்டாங்க. அத்தனை பேருக்கும் முதல்லேருந்து சொன்னேன். 'முன்னாடியே கொண்டு போயிருக்கலாமே'ன்னு, நானே கொன்னுட்ட மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டு, காபி குடிச்சிட்டுப் போனாங்க. நேத்து இதே கூடத்துல, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடியும் கையெடுத்துக் கும்பிட்டேன். 'இனிமே என்னால சொல்ல முடியாது, என்னை யாரும் கேக்காதீங்க'ன்னேன். 'துக்கத்துல பேசறா, அவ மனசு எங்களுக்குத் தெரியாதா'ன்னு தலையைத் தடவிட்டு மறுபடியும் கேட்டாங்க."

மூச்சு வாங்கியது அவளுக்கு.

"என் மனசு உங்க எல்லாருக்கும் நல்லாப் புரியுது மாமா. நான் சொன்னது மட்டும் தம்பி ஒருத்தர் காதுலதான் விழுந்துச்சு!"