மறைக்கச் சொன்ன ரிப்போர்ட்

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னதும் அவள் முகம் வாடிப்போனது. நெஞ்சு வலி என்று நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாக ஆஸ்பத்திரியில் வந்து படுத்தவள்.

“டாக்டர், இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“எத்தனை நாளைக்கும்மா மறைக்க முடியும்?”

“ஒரு வாரம் போதும்.”

செல்போன் அடித்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரின் மருந்து எங்கே என்று கணவர் கேட்டார். பதில் சொல்லி முடிப்பதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“உன் பேத்தி ஓயாம அழறாம்மா. நான் எப்படி வேலைக்குப் போறது?”

பின்னாலிருந்து மகன், ஒரு சட்டைகூட இஸ்திரி போட்டு இல்லை என்று கத்தினான்.

எல்லோருக்கும் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “வீட்டுல தவிச்சுக்கிட்டு இருப்பாங்க இல்லையா? உங்களுக்கு ஒரு நோயும் இல்லைன்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்களேம்மா!”

“படுவாங்க. இன்னிக்கே வந்து கூட்டிட்டும் போயிடுவாங்க.” சட்டென்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, இங்கே வந்த பிறகுதான் டாக்டர், ‘சாப்பிட்டீங்களா’ன்னு என்னை ஒருத்தர் கேட்கறாங்க.”